படிகாரம் தடவினால் முகம் ஏன் இறுகுகிறது?

சேலத்துப் பழைய சலூன்களில் சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து முகத்தில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார்கள். சுருக்கென்று எரியும், அப்புறம் தோல் இழுத்துப் பிடிக்கும். கடையில் அஸ்ட்ரிஞ்சென்ட் என்று விற்கும் பாட்டில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். பக்கத்தில் நிற்கும் டோனரும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், பஞ்சில்தான் தடவுவோம். ஆனால் அது தோலில் செய்வது வேறு.

படிகாரத்தில் உள்ள அலுமினிய உப்பு, தோலின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைத் திரள வைத்துச் சுருக்குகிறது. பிளேடு கீறிய இடத்தில் ரத்தம் நிற்பதும் இதனால்தான். சேர்வராயன் மலைக் கடுக்காயைக் கடித்தால் நாக்கு வறண்டு சுருங்குமே, அங்கே எச்சிலின் புரதத்தைப் பிடிப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். விலங்குத் தோலைப் பதனிடக் கடுக்காய் உதவுவதும் அந்த டானினால்தான். அஸ்ட்ரிஞ்சென்டில் பெயர் போட்டு விற்கும் விட்ச் ஹேசல் செடியின் பட்டையிலும் அது உண்டு.

பல பாட்டில்களில் இதோடு ஆல்கஹாலும் சேரும். பிசுக்கைக் கரைத்து, சட்டென்று ஆவியாகிக் குளிர்ச்சி தரும். மே மாத வெயிலில் சேலம் ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டி பைக்கில் வந்தவருக்கு சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோலின் மேலடுக்குச் செல்களுக்கு இடையே உள்ள கொழுப்பையும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பதே அந்தக் கொழுப்புதான். தோல் துளைகள் மூடிக்கொள்ளும் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. திறந்து மூட அவற்றுக்குத் தசை கிடையாது. சுற்றியுள்ள தோல் இறுகுவதால் சிறிது நேரம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

டோனரில் பெரும்பகுதி தண்ணீர். கூடவே ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் போன்றவை. முன்பு இதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. சோப்பின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 9, 10 வரை போகும். தோலுக்கு 5-ஐ ஒட்டி இருந்தால் போதும். கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளைப் படிவாக முகத்தில் ஒட்டும். அதைத் துடைத்தெடுக்கவும், ஏறிய பிஹெச்சை இறக்கவும் டோனர் உதவியது. மென்மையான ஃபேஸ்வாஷ் போடுபவருக்கு அது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்குவது? முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். முழுக்கப் பிசுபிசுத்து, பருவும் இருந்தால் 2 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் உள்ள அஸ்ட்ரிஞ்சென்ட் பொருந்தும். எண்ணெயில் கரைவதால் துளைக்குள் போய் அடைப்பைத் தளர்த்தும். நெற்றியும் மூக்கும் மட்டும் மின்னினால் அங்கே மட்டும் தடவுங்கள். கன்னம் இழுத்தாலோ, எக்ஸிமா என்ற அரிப்பு நோய் இருந்தாலோ ஆல்கஹால் இல்லாத டோனரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இந்தச் சோதனையை ஊருக்கு ஊர் செய்ய வேண்டியிருக்கும். வெப்பம் குறைந்தால் தோல் வெளியேற்றும் எண்ணெயும் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட நன்றாகக் குளிரும். கீழே எண்ணெய் வழிந்த முகம் டிசம்பரில் மலையேறினால் காய்ந்துபோகலாம். அங்கேயும் அதே அஸ்ட்ரிஞ்சென்டைத் தடவினால் தோல் உரியும்.

இன்னொன்று, டோனர் என்று எழுதியிருந்தாலே ஆல்கஹால் இருக்காது என்று நம்ப வேண்டாம். லேபிளின் முதல் நாலைந்து பெயர்களில் ஆல்கஹால் டினேட் (Alcohol Denat., தோலை உலர்த்தும் ஆல்கஹால்) வருகிறதா என்று பாருங்கள். செட்டைல், ஸ்டியரைல் ஆல்கஹால் என்றிருந்தால் பயமில்லை, அவை மெழுகு போன்றவை, தோலை உலர்த்தாது.