பெயர்படம்: ‘நீர்ச்சறுக்கு ஒட்டி’ என்று எழுதாதீர்கள்

கைமணிக்கூட்டின் முகத்தட்டை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை எங்கள் வன்னிப் பொடியள் சிலருக்கும் வந்திருக்கிறது. வெறும் பித்தளைத் தட்டுக்கு நிறம் பூசி, 1950களின் பாணியில் எண்களையும் கோடுகளையும் கணினியில் வரைந்து, தாளில் அச்சடித்துத் தட்டில் ஏற்றுகிறார்கள். நல்ல கைவேலை. இப்படித் தாளிலிருந்து தட்டுக்கு ஏற்றும் படத்துக்கு, இவர்களுக்கென்று தமிழில் மொழிபெயர்த்து வரும் செய்முறைக் குறிப்புகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ‘நீர்ச்சறுக்கு ஒட்டி’. கன நாள் பொறுத்துக்கொண்டேன். கிளிநொச்சியில் ஒரு தம்பி இந்தக் குறிப்பை நம்பி, தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரிக்கப் போய், அச்சடித்த படம் முழுவதையும் கிழித்துவிட்டான். “ஒட்டி எண்டுதானே அண்ணை போட்டிருக்கு, உரிச்சு ஒட்டுறதுதானே?” என்று கேட்டான். அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இது டீகால். ‘டெகால்கொமானி’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். ‘டெகால்கே’ என்றால் ஒன்றை அழுத்தி அதன் படியை இன்னொன்றில் எடுத்தல்; அடிவேர் இலத்தீனில் மிதித்தல், அதற்கும் அடியில் குதிகால். ‘மானி’ என்றால் பித்து. படங்களைக் கண்ணாடியிலும் மரத்திலும் பீங்கானிலும் ஏற்றும் பித்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவைப் பிடித்திருந்தது, சொல்லும் அப்போது ஆங்கிலத்துக்குள் வந்தது. பிரித்தானியர் இதையே டிரான்ஸ்பர் என்பார்கள். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் சொல் ஆக்க முடியாது. அடியில் ஒரு தாள். அதன்மேல் தண்ணீரில் கரையும் மாப்பசை. பசைக்கு மேல் மிக மெல்லிய படலம். அச்சு விழுவது அந்தப் படலத்தில். தண்ணீரில் போட்டதும் பசை இளகும். படலம் படத்தையும் கொண்டு தாளைவிட்டு நழுவித் தட்டுக்குப் போகும். தாள் குப்பைக்கு. படம் தான் பிறந்த இடத்தை விட்டு முழுசாகக் கிளம்பி வேறிடத்தில் குடியேறுகிறது, இதுதான் இங்கே நடக்கும் காரியம்.

இப்போது ‘ஒட்டி’யைப் பாருங்கள். ஒட்டி என்பது ஸ்டிக்கர். அதன் உடம்பு அதன் பசையோடு சேர்ந்தே போய் ஒட்டும். முச்சக்கரவண்டிக் கண்ணாடியில் இருப்பது ஒட்டி, கொப்பி மட்டையில் பெயர் எழுதி ஒட்டுவது ஒட்டி. ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் பத்திலொரு மில்லிமீட்டர் அளவு தடிப்பு இருக்கும். டீகாலின் படலம் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. மதிலில் அது பெரிய விசயமில்லை. மணிக்கூட்டில் முள்கள் முகத்தட்டுக்கு மேலே நூலிடையில் ஓடுகின்றன. ஓரம் கிளம்பிய ஒரு ஸ்டிக்கர் முள்ளையே நிறுத்திவிடும். ஆகவே ஒட்டி என்று எழுதுபவர் சொல்லைப் பிழையாக எழுதுவதோடு நிற்கவில்லை, பிழையான பொருளை வாங்கவும் வைக்கிறார்.

‘நீர்ச்சறுக்கு’ அதைவிட மோசம். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு ‘வோட்டர்ஸ்லைடு’ என்று பெயர். வோட்டர் நீர், ஸ்லைடு சறுக்கு, ஒட்டினால் நீர்ச்சறுக்கு. பொருளைக் கையில் எடுத்துப் பாராமல் அகராதியை மட்டும் திறந்தவரின் வேலை இது. தமிழில் சறுக்குவது கால், சறுக்குவது வாழ்க்கை. சறுக்கு என்றால் விழுவதற்கான அறிகுறி அல்லது பிள்ளைகள் விளையாடும் பலகை. ‘நீர்ச்சறுக்கு’ என்று கேட்ட எவருக்கும் நீச்சல் தடாகத்து விளையாட்டுத்தான் நினைவுக்கு வரும், மணிக்கூடு வராது. இப்படிச் சொல்லுக்குச் சொல் அச்செடுப்பதை மொழியியலில் ‘கால்க்’ என்பார்கள். டீகால் பிறந்த அதே வேரில் பிறந்த சொல்தான் அதுவும்.

சிலர் டிரான்ஸ்பரை நினைத்து ‘இடமாற்றுப்படம்’ என்கிறார்கள். இது முன்னதைவிடப் பரவாயில்லை, பொருள் ஓரளவு தெரிகிறது. ஆனால் எங்கள் காதில் இடமாற்றம் என்பது ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் கடிதத்தில் வருவது. நீளமும் அதிகம்.

நான் சொல்வது பெயர்படம். பெயர்தல் என்றால் இருந்த இடம்விட்டு நகர்தல், பெயர்த்தல் என்றால் நகர்த்துதல். மொழிபெயர்த்தல் என்ற ஆட்சி தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. பொருள் ஒரு மொழியைவிட்டு இன்னொன்றில் போய் அமர்கிறது. வன்னியில் இந்த வினையை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போரால் 1995இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வந்தவர்களும், 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை போனவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். இவ்வளவு கனம் சுமக்கும் வினை கையில் இருக்கும்போது சறுக்கை ஏன் கடன் வாங்க வேண்டும்?

எழுத்தில் ஒரு கவனம் வேண்டும். இது வளர்பிறை, தேய்பிறை போல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. ‘பெயர்ப்படம்’ என்று ப் போட்டால், பெயர்ப்பலகை மாதிரி, பெயரைக் காட்டும் படம் என்றாகிவிடும். முகத்தட்டில் கம்பனியின் பெயரும் வருவதால் இந்தக் குழப்பம் உண்மையிலேயே நேரும். ஒரு ஒற்று எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

பெயர்படம் எங்கள் வீடுகளுக்குப் புதிதுமல்ல. பழைய சிங்கர் தையல் மெசினின் கறுப்பு உடம்பில் இருக்கும் பொன்னிறக் கொடியும் பூவும் கையால் வரைந்தவை அல்ல, பெயர்படங்கள். பழைய றலி சைக்கிளின் சட்டத்தில் இருந்த எழுத்தும் அப்படியே. பொருள் நெடுங்காலம் வீட்டில் இருந்தும் அதற்கு ஒரு சொல் வைக்காமல் இருந்துவிட்டோம், அந்த வெற்றிடத்தில்தான் சறுக்கு வந்து உட்கார்ந்தது.

இதே குறிப்புகளில் முகத்தட்டை ‘சுழல்தட்டு’ என்று எழுதியிருப்பதையும் கண்டேன். பழைய தொலைபேசியின் டயல் சுழலும், சரி. மணிக்கூட்டின் டயல் இரண்டு சிறு கால்களில் அசையாமல் நிற்கும், சுழல்வது முள். ‘பழங்கால முகத்தட்டு’ என்பதும் பிழை. இன்று செய்வது பழம்பாணித் தட்டு. இந்த வேறுபாடு வெறும் நயம் அல்ல. 1960களுக்கு முந்திய பழங்காலத் தட்டுகள் பலவற்றின் ஒளிப்பூச்சில் ரேடியம் இருக்கிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். பூச்சின் ஒளி மங்கியிருக்கலாம், கதிர்வீச்சு மங்கவில்லை. அப்படி ஒன்றைப் பொடியன் அரத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும். தட்டைத் தேய்த்துச் சுத்தமாக்கச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் எந்தத் தட்டு என்று தெளிவாக எழுதக் கடமைப்பட்டவர். புதுப் பித்தளைத் தட்டு என்று எழுதுங்கள்.

அந்தக் குறிப்பு தமிழில் இப்படி இருந்திருக்கலாம். என்எச்35 என்ற வகை உள்பொறிக்கு, அதாவது முள்களை ஓட்டும் பொறிக்கு, முகத்தட்டின் விட்டம் பெரும்பாலும் 28.5 மி.மீ.; படத்தை அந்த அளவிலேயே அச்சடியுங்கள். வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. கறுப்புத் தட்டில் வெள்ளை எழுத்து வேண்டுமானால் வெள்ளைப் பெயர்படத் தாளை எடுத்து, எழுத்தை விட்டு மற்றதெல்லாம் கறுப்பாக அச்சடிக்க வேண்டும். மை தெளிக்கும் அச்சுப்பொறி என்றால் நிறமற்ற வார்னிஷை இரண்டு மூன்று தடவை மெல்லிசாக அடித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் மை தண்ணீரில் கரைந்து ஓடும். பிறகு பெயர்படத்தைத் தாளோடு தண்ணீரில் 30 செக்கன் அளவில் ஊறவிட்டு, சாவணத்தால் எடுத்து, உரிக்காமல், தாளைத் தட்டின்மேல் வைத்துப் படத்தை மட்டும் மெல்லத் தள்ளுங்கள். அடியில் நிற்கும் தண்ணீரையும் குமிழியையும் ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் காய்ந்தால் கேத்தலில் படிவதுபோலத் தட்டிலும் வெள்ளை படியும். பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள்.