வெட்டு தெரியாத கண்

நான் விமர்சகன் இல்லை. படம் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு நாலு பத்தி எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிற ஆள். எழுதும்போதெல்லாம் ஒரு வரி தானாக வந்து விழும்: “எடிட்டிங் கச்சிதம்.” எந்த இடத்தில் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். ஒரு முழுநீளப் படத்தில் ஆயிரத்துக்கும் மேல் ஷாட்டுகள், அதாவது கேமரா நிற்காமல் எடுத்த துண்டுகள், இருப்பது சாதாரணம். ஒன்றை வெட்டி அடுத்ததை ஒட்டிய இடங்களில் ஆயிரம் தடவை திரை மொத்தமாக மாறியிருக்கிறது. வெளியே வரும்போது அதில் ஒன்றுகூட நினைவில் இருக்காது.

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். 1967 முதல் 2013-இல் இறக்கும்வரை சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் எழுதியவர். 1975-இல் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் திரைப்பட விமர்சகர். பல ஆண்டுகள் கொலராடோவின் போல்டர் நகரில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். முதல் நாள் ஒரு படத்தை முழுசாகத் திரையிடுவார்கள். அடுத்தடுத்த நாள்களில் மறுபடி அதே படம். இந்த முறை இருட்டுக்குள்ளிருந்து யார் வேண்டுமானாலும் “நிறுத்துங்க” என்று குரல் கொடுக்கலாம். படம் உடனே நிற்கும். ஆள் ஏன் ஓரத்தில் நிற்கிறார், விளக்கு எங்கிருந்து வருகிறது, இந்த இடத்தில் ஏன் வெட்டினார்கள் என்று அரங்கமே பேசும். இரண்டு மணி நேரப் படம் நாள்கணக்கில் போகும். ஈபர்ட்டின் எழுத்துக்குப் பின்னால் இருந்தது ரசனை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதி, இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்த பழக்கம்.

சரி, எதற்காக நிறுத்த வேண்டும்? ஓடும்போதே தெரியாதா?

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். பிறகு வலது கண்ணைப் பாருங்கள். பார்வை தாவியது உண்மை. ஆனால் கண் அசைந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். நம் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இப்படித் தாவுகிறது. தாவும் அந்தச் சில பத்து மில்லி நொடிகளில் வரும் கலங்கலான காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. நாள் முழுக்க நாம் பார்ப்பதே துண்டு துண்டான காட்சிகள்தான். நமக்குக் கிடைப்பதோ ஒட்டுப்போட்ட இடம் தெரியாத ஒரே உலகம்.

சினிமாவின் வெட்டும் இந்தச் சலுகையில்தான் பிழைக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வெட்டும் கண் தாவும் அதே கணத்தில் விழுவதில்லையே. உண்மையில் எடிட்டர் குறிவைப்பது கண்ணை அல்ல, கவனத்தை. ஒருவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்புகிறார். ‘யார் வந்தது?’ என்று நம் மனசு அதற்குள் வாசலுக்குப் போய்விட்டது. அடுத்த ஷாட்டில் வாசல். நாம் போன இடத்துக்கே படமும் வந்து சேர்வதால் வெட்டு உறுத்துவதில்லை.

இந்த ஒட்டுவேலை பிறவியிலேயே வருகிறதா, பார்த்துப் பழகுகிறதா? ஸ்டெஃபான் ஷ்வானும் செர்மின் இல்டிராரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு பதில் தருகிறது. தெற்குத் துருக்கியின் மலைக் கிராமங்களில், அதுவரை திரைப்படமே பார்த்திராத பெரியவர்களுக்குச் சின்னச் சின்னப் படத்துணுக்குகளைக் காட்டினார்கள். நமக்கு வெகு சாதாரணமாகப் படும் சில வெட்டுகளில் அவர்கள் தடுமாறினார்கள். ஆனால் தங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்று ஷாட்டுக்கு ஷாட் தொடர்ந்துகொண்டிருந்தால் சிக்கல் இல்லை, சரியாகவே புரிந்துகொண்டார்கள். செயல் அறுபடாதவரை படம் அறுபட்டாலும் பரவாயில்லை போலும்.

எடிட்டர்களுக்கு இது பழைய சங்கதி. நாற்காலியிலிருந்து ஒருவர் எழுகிறார். தூரத்து ஷாட்டில் பாதி எழுந்ததும் வெட்டு, மீதியை நெருக்கத்தில் எழுந்து முடிப்பார். ‘ஆக்‌ஷனில் கட் பண்ணு’ என்பது இதைத்தான். 2008-இல் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையாளர்களுக்கு ஹாலிவுட் படத் துண்டுகளைப் போட்டு, வெட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். வெட்டைத் தேடுவதே வேலை என்று உட்கார்ந்தவர்களும் கணிசமாகக் கோட்டைவிட்டார்கள். அசைவின் நடுவே விழுந்த வெட்டுகள்தான் அதிகம் தப்பின.

எனக்கு இன்னும் பிடித்தது 2016-இல் ஸ்மித் இன்னொருவருடன் சேர்ந்து செய்த அடுத்த ஆய்வு. வெட்டுக்கு முன்னால் தொடங்கும் அசைவுதான் பார்வையாளரை ஏமாற்றுகிறது என்பது எடிட்டிங் புத்தகங்களின் நம்பிக்கை. அந்த முன்-அசைவை நீக்கிப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. வெட்டுக்குப் பின்னால் வரும் அசைவை நீக்கினார்கள். வெட்டு சட்டென்று பிடிபட ஆரம்பித்தது. எடிட்டர்களின் கை செய்தது சரி, அதற்குச் சொல்லிவந்த காரணம்தான் கொஞ்சம் பிசகு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒலி. அதே ஆய்வில் சத்தத்தை நிறுத்தியதும், வெட்டு கண்ணில் படாத அந்தக் குருட்டுத்தனம் பெருமளவு காணாமலே போனது. வசனமும் இசையும் காலடிச் சத்தமும் வெட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு அறுபடாமல் ஓடுகின்றன. படம் மாறினாலும் காது அதே அறையில்தான் இருக்கிறது. “எடிட்டிங் கச்சிதம்” என்று நான் எழுதியவற்றில் பாதிப் பாராட்டு ஒலிப்பதிவாளருக்குச் சேர வேண்டியதோ என்னவோ.

போல்டர் அரங்கம் நமக்கு இல்லை, ரிமோட் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, பலமுறை பார்த்த படம் ஒன்றை மியூட்டில் போட்டுவிட்டு, தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். வெட்டுக்கு ஒரு கோடு. டக், டக் என்று ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி விழுந்தது. இத்தனை வருஷமாக ஒரே ஷாட் என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய ஓர் இடம் மூன்று துண்டாக இருந்தது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். “சவுண்டு வைடா, என்ன பேசறாங்கன்னே தெரியல.”

வைத்தேன். ரெண்டு நிமிஷம் கழித்துத் தாளைப் பார்த்தால், அதற்குப் பிறகு ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.