அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

ரேஷன் கார்டைக் காட்டி ஓட்டுப் போட முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியையான நான் வாக்குச்சாவடி தலைமை அலுவலராக ஏழு தேர்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஏழிலும் இந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தது. சொல்லும்போதெல்லாம் எதிரில் நிற்பவர் முகம் சுருங்கிப்போகும். ஒருமுறை எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி ஸ்மார்ட் கார்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தாயி, அரிசி வாங்குறப்ப மட்டும் இதுல இருக்கிறது நான்தான்னு தெரியுது, ஓட்டுப் போடுறப்ப தெரியலையா?"

என்னிடம் பதில் இல்லை. தேர்தல் ஆணையம் கொடுத்திருக்கும் ஆவணப் பட்டியலில் ரேஷன் கார்டு கிடையாது, அவ்வளவுதான். "ஆத்தா, நூறு நாள் வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன். "போகாம?" என்றார். அந்த வேலை அட்டையில் போட்டோ இருந்தால் போதும், எடுத்து வரச் சொல்லிப் பேரனை அனுப்பினோம். கால் மணி நேரத்தில் பையன் சைக்கிளில் வந்துவிட்டான். பாட்டி ஓட்டுப் போட்டார். பேரன் இல்லாத பாட்டியாக இருந்தால்? வெயிலில் இன்னொரு தடவை நடந்து வந்திருப்பாரா? அந்த நினைப்பு அன்று மாலை பெட்டிக்குச் சீல் வைக்கும் வரை என்னை விடவில்லை.

ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்கலாமா கூடாதா என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கேட்காவிட்டால் கள்ள ஓட்டைத் தடுக்க விரலில் இருக்கும் மையும், முகவர்களின் ஞாபகமும்தான் மிச்சம். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்த விஷயம் வேறு. நம் நாட்டில் அட்டை இல்லாததால் திரும்பிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கையில் அட்டை இருந்தும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அட்டை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம். ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலைய பாஸ்புக், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோவுடன் கூடிய பென்ஷன் ஆவணம், அரசு அல்லது பொதுத்துறை நிறுவன ஊழியர் அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை, மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். அசல் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. கல்லூரி மாணவர் அட்டையும் செல்லாது. வீட்டுக்கு வந்து கொடுக்கிறார்களே பூத் சிலிப், அதை மட்டும் நீட்டி ஓட்டுப் போடுவது 2019 மக்களவைத் தேர்தலோடு நின்றுவிட்டது. அது உங்கள் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் சொல்லும் துண்டுச்சீட்டு, அடையாளச் சான்று அல்ல.

வாக்காளர் அட்டையில் பெயரில் ஒரு எழுத்து பிழை, வயது ஒன்றிரண்டு கூடுதல் என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஆள் நீங்கள்தான் என்று தெரிந்தால் சின்னப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பதுதான் எங்களுக்கான உத்தரவு. போட்டோவே வேறு ஆளுடையதாக இருந்தால்தான் வேறு ஆவணம் கேட்போம்.

இனி பட்டியல். ஒரு சட்டமன்றத் தேர்தலில் வெளியூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பளபளவென்று லேமினேட் செய்த வாக்காளர் அட்டையை நீட்டினார். முதலாம் வாக்குப்பதிவு அலுவலர் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பெயர் இல்லை. துணைப் பட்டியலிலும் இல்லை. வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, ஊர் மாறிவிட்டார் என்று முந்தைய திருத்தத்தில் நீக்கியிருந்தார்கள். "அட்டை இருக்கே டீச்சர், கவர்மென்ட் குடுத்த அட்டைதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அட்டை அவர் யார் என்பதைச் சொல்கிறது. அந்தச் சாவடியில் ஓட்டுப் போடும் உரிமையைப் பட்டியல்தான் தருகிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது: பட்டியலில் இருப்பவர் ஓட்டுப் போடலாம், இல்லாதவர் போட முடியாது. வாக்குப்பதிவு நாளன்று கலெக்டரே வந்தாலும் ஒரு பெயரைச் சேர்க்க முடியாது.

போட்டோ அடையாள அட்டை நமக்கு வந்தது 1993-இல், தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என்.சேஷன் இருந்தபோது. நம் மாநிலத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வேலை பார்த்தவர். அட்டை கொடுக்காவிட்டால் தேர்தலே நடத்த மாட்டேன் என்ற அளவுக்குப் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்தில் நான் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு: அட்டை எடுத்துக் கொடுப்பது அரசின் வேலை என்று ஆக்கியது. ஊர் ஊராகப் போட்டோ எடுக்க ஆள் வந்தார்கள். மக்களைத் தாலுகா ஆபீசுக்கு அலைய விட்டிருந்தால் பாதிப் பேர் கையில் இன்று அட்டை இருக்காது.

இங்கிலாந்தில் 2022-இல் சட்டம் போட்டு, 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறையாகப் போட்டோ அடையாளம் கேட்டார்கள். அன்று சுமார் 14,000 பேர் வாக்குச்சீட்டு பெறாமலே திரும்பினார்கள். முதியோர் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் ரயில் அட்டை செல்லாது என்று பட்டியல் போட்டதில் அங்கே பெரிய சர்ச்சை கிளம்பியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் போரிஸ் ஜான்சனே 2024 மே மாதம் அட்டையை மறந்துவிட்டு வந்து, திருப்பி அனுப்பப்பட்டு, எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். கார் வைத்திருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. கூலிக்கு நடுவே ஓடி வருகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். எந்த அட்டை செல்லும் என்று எழுதும் கை, யாருடைய பையில் என்ன அட்டை இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். இந்த விவாதத்தில் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. பாட்டியின் ரேஷன் கார்டு நம் பட்டியலில் ஏன் இல்லை என்று நான் இன்றும் கேட்பேன்.

நம் நாட்டில் அந்தக் கேள்வி இப்போது சாவடி வாசலிலிருந்து வாக்காளர் பட்டியலுக்கு நகர்ந்துவிட்டது. 2025 ஜூன் 24 அன்று பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டபோது, பெயரை உறுதி செய்ய 11 ஆவணங்கள் சொன்னார்கள். ஆதார் அதில் இல்லை. ரேஷன் கார்டு இல்லை. தேர்தல் ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை! எந்த அட்டையைக் காட்டி இத்தனை வருடம் ஓட்டுப் போட்டார்களோ, அதே அட்டை அந்த ஓட்டைக் காப்பாற்ற உதவவில்லை. வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பேர் விடுபட்டார்கள். அவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி ஆகஸ்ட் 14-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்க வேண்டும் என்று செப்டம்பர் 8-இல் உத்தரவிட்டது.

முதல் பொதுத்தேர்தலிலும் இப்படி ஒன்று நடந்தது. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. இது நடந்த மாநிலங்களில் பீகாரும் ஒன்று. நடைமுறையோடு ஒத்துவராத மனிதர்கள் எப்போதும் பெண்களாகவும் ஏழைகளாகவும்தான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அதே திருத்தம் 2025 நவம்பர் 4-இல் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி நியாயமான நீக்கமாகவே இருக்கலாம். செத்தவர் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பது கள்ள ஓட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. ஆனால் பூட்டிய வீட்டுக்காரர் எல்லாரும் ஊரை விட்டுப் போனவர் இல்லை என்பது பனியன் கம்பெனி இளைஞரைப் பார்த்த எனக்குத் தெரியும். அதனால் அட்டையைத் தேடுவதற்கு முன் பெயரைத் தேடுங்கள். தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ 1950 என்ற எண்ணிலோ பார்த்துவிடலாம். பெயர் இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாற்றம், திருத்தம் என்றால் படிவம் 8. வேட்புமனுவுக்கான கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் எங்களால் கையைப் பிசைய மட்டுமே முடியும்.

அட்டையும் பெயரும் சரியாக இருந்து, உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால்? அதுவும் என் மேசையில் நடந்திருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு லட்சுமிகள். கணவர் பெயரிலும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். காலையில் வந்தவருக்கு என் குழுவினர் தவறான வரிசையில் கோடு போட்டுவிட்டார்கள். மதியம் இரண்டாமவர் வந்தபோது அவர் பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது. விரலில் மை இல்லை, கையில் அட்டை இருக்கிறது, வெளியே போகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தேர்தல் நடத்தும் விதி 49P-யின்படி அவருக்கு டெண்டர் வாக்குச்சீட்டு என்ற தனிக் காகிதச் சீட்டைக் கொடுத்தேன். படிவம் 17B-யில் கையெழுத்து வாங்கினேன். இயந்திரத்தில் போட முடியாது. சீட்டில் முத்திரை குத்தித் தனி உறையில் போட வேண்டும். அந்த உறையை எண்ணும் நாளில் பிரிக்க மாட்டார்கள். உயர் நீதிமன்றம் தேர்தல் வழக்கில் உத்தரவிட்டால்தான் பிரிப்பார்கள். அப்புறம் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு, 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார் என்பதை நினைவுபடுத்துகிறேன். நம் ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49.

தவறு எங்களுடையது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. "என் ஓட்டு எண்ணுவாங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து பெயரைச் சத்தமாக வாசித்து, கணவர் அல்லது தந்தை பெயரையும் கேட்டு, பட்டியலில் இருக்கும் போட்டோவைப் பார்த்த பிறகுதான் கோடு போட வேண்டும் என்று ஒவ்வொரு குழுவிடமும் காலையிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை மெதுவாக நகரும். நகரட்டும்.

இரண்டு வருடம் பி.எல்.ஓ.வாகவும், அதாவது வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருந்தேன். அப்போது வாரச் சந்தைக் கொட்டகையில் குடியிருந்த ஒரு குடும்பம் படிவம் 6 கொடுத்தது. வீடு இல்லாதவர்களிடம் முகவரிச் சான்று கேட்கக் கூடாது. கொடுத்த இடத்தில் உண்மையிலேயே படுத்து உறங்குகிறார்களா என்று பி.எல்.ஓ. இரவில் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு மேல். வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குப் போனேன். காய்கறிச் சாக்குகளை விரித்து மூன்று குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தாய் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, நான் எழுதுவதையே பார்த்தார்.

"டீச்சர், இந்த அட்டை வந்துட்டா எங்களை இங்கேருந்து எழுப்ப மாட்டாங்கல்ல?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அட்டைகள் வந்தன. பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் அதையும் இரவில்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அதற்குக் கீழே முகவரி இருந்த வரியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.