பசிபிக் சூடானால் பெல்லந்தூரில் போர்வெல் வறளும்

2024 மார்ச்சில் பெங்களூருவின் பெல்லந்தூர் பக்கம் ஓர் அப்பார்ட்மெண்டுக்குப் போயிருந்தேன். மழைநீர் சேகரிப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் அடியில் ஒரு சாண் தண்ணீர். போர்வெல் மோட்டாரைப் போட்டார்கள். குழாய் புஸ்ஸென்று காற்றைத் துப்பியது, அப்புறம் செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் நீர், மறுபடி காற்று. "திடீர்னு இப்படி ஆயிடுச்சு சார்" என்றார் சங்கச் செயலாளர், ஓசூர்க்காரர்.

திடீரென்று ஆகவில்லை. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ தொடங்கிவிட்டது என்று அமெரிக்க வானிலை மையம் 2023 ஜூனிலேயே அறிவித்துவிட்டது. கையில் ஒன்பது மாதம் இருந்தது.

பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதியில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே காற்று வீசும். அது வெதுவெதுப்பான மேல்நீரை இந்தோனேசியாப் பக்கம் ஒதுக்கித் தள்ளும். கடல் எங்கே சூடோ அங்கேதான் காற்று மேலெழும், மேகம் திரளும். அந்தக் காற்று தளர்ந்துபோனால் சூடான நீர் பெரு நாட்டை நோக்கி நகரும், மழைமேகமும் கூடவே போய்விடும். நம் தலைக்கு மேல் காற்று எழும்பாமல் கீழே இறங்கும். இறங்குகிற காற்றில் மேகம் கட்டாது. நடுப் பசிபிக் சராசரியைவிட அரை டிகிரி சூடாகி, அது மாதக்கணக்கில் நீடித்தாலே எல் நினோதான். 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு இந்தியா பார்த்த மிக வறண்ட ஆகஸ்ட். கர்நாடகத்தில் 200-க்கும் மேற்பட்ட தாலுக்காக்களை வறட்சிப் பகுதி என்று அறிவித்தார்கள்.

எல் நினோ வந்தாலே வறட்சிதான் என்று நான் சொல்ல மாட்டேன். 1997-ல் மிக வலுவான எல் நினோ, ஆனாலும் பருவமழை பொய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் அந்த ஆண்டு கிழக்கைவிடச் சூடாக இருந்தது கைகொடுத்தது. 2023-லும் அந்த நிலை வந்தது, ஆனால் ஆகஸ்ட் கைவிட்டுப் போன பிறகுதான் வலுத்தது.

பெங்களூருவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம் குழாயில் வரும் காவிரிக்குக் குடகு மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைதான் முக்கிய ஆதாரம். உங்கள் தெருவில் எவ்வளவு கொட்டினாலும் கேஆர்எஸ் அணை நிரம்பாது. ஆனால் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைந்தாலும், பல முறை வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருக்கிறது. 2015-ஐச் சென்னைச் சொந்தக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நம் ஊரிலும் அக்டோபர் நல்ல மழை மாதம். 40-க்கு 60 அடி மொட்டை மாடியில் ஓர் ஆண்டில் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர்.

அந்த அப்பார்ட்மெண்டின் மாடிக் குழாய்கள் நேராகச் சாக்கடையில் போய் விழுந்துகொண்டிருந்தன. தண்ணீரை நிலத்துக்குள் இறக்க ஏற்கெனவே வெட்டிய கிணறு ஒன்று இருந்தது, அதன்மேல் பூந்தொட்டிகள். தொட்டிகளை நகர்த்தி, குழாய்களைத் திருப்பி, ஜல்லியைக் கழுவிப் போட எங்களுக்கு நான்கு நாள் ஆனது. ஜூனில் செய்தியைக் கேட்ட அன்றே தொடங்கியிருந்தால் அதற்குப் பின் பெய்த மழையாவது உள்ளே இறங்கியிருக்கும்.