நீந்திப் போனால் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை

கரை ஒதுங்கிய டால்பினை நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கடலில் விடுகிற வீடியோ எனக்கு அடிக்கடி வரும், கூடவே "பாருங்க டாக்டர், காப்பாத்திட்டாங்க" என்று ஒரு வரியும். கடல் விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிற எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தனியாக ஒதுங்குகிற டால்பின் பெரும்பாலும் நோயோ காயமோ முற்றி, நீந்தத் தெம்பில்லாமல் வந்தது. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த எடை முழுவதும் மணலில் அதன் நுரையீரலையும் தசைகளையும் அழுத்தும், உடம்பு சூடேறும், நசுங்கிய தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை வாலைப் பிடித்து இழுத்து அலைக்குள் தள்ளினால் கேமரா ஓடும்வரை நீந்தும், அப்புறம் கொஞ்சம் தள்ளி இன்னொரு கரையில் ஒதுங்கும். நிழல் கொடுங்கள், ஈரத்துணி போர்த்துங்கள், தலைமேல் இருக்கும் மூச்சுத்துளைக்குள் தண்ணீரோ மணலோ போகாமல் பார்த்துக்கொண்டு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். கூட்டத்தையும் நாயையும் தள்ளி நிறுத்தினாலே பாதி வைத்தியம் ஆயிற்று.

ஆமை விஷயம் இன்னும் சிக்கல். கடலாமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான், அதனால் மடிவலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டி மயங்கிவிடும். தொட்டாலும் அசையாது. செத்துவிட்டது என்று கடலில் வீசினால் நிஜமாகவே மூழ்கிச் சாகும். வயிற்றுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பாகத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரமாக வைத்திருந்தால் நுரையீரலில் உள்ள நீர் வடியும். 4 மணி நேரத்திலும் எழும், சில நேரம் 24 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டிவரும். மல்லாத்திப் போட்டு நெஞ்சை அமுக்காதீர்கள்.

சரி, துடிப்பாக இருக்கிற ஆமையையாவது உடனே விடலாமா? வலெய்ன்சியா பக்கம் வலையில் சிக்கிய பெருந்தலை ஆமைகளைச் சோதித்த ஸ்பெயின் கால்நடை மருத்துவர்கள், ரத்தக்குழாய்களில் வாயுக் குமிழிகள் இருந்ததை 2014இல் எழுதினார்கள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கு வருகிற அதே நோய். ஆமைக்கு அது வராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். படகில் ஏற்றியபோது துறுதுறுவென்று இருந்தவைகூடச் சில மணி நேரம் கழித்துத் தளர்ந்தன. அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜன் கொடுத்ததில் தேறியவையும் உண்டு. ஆக, நல்லபடியாக விட்டோம் என்று கணக்கெழுதிய ஆமைகளில் எத்தனை கடலுக்குள் போய்ச் செத்தனவோ.

தூண்டில் நரம்பு ஆமையின் வாயிலிருந்து தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே முள் எங்கேயோ மாட்டியிருக்கும், இழுக்கிற இழுப்பில் குடல் சுருக்குப் பை மாதிரி மடிந்து அறுபடும். ஒரு முழம் வெளியே விட்டு நறுக்கி அனுப்பினால் எங்களுக்கு அந்த நுனி போதும்.

ஆமை வைத்தியத்தில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போடுகிற செஃப்டாசிடிம் என்ற கிருமிக்கொல்லி ஊசி, பெருந்தலை ஆமைக்கு 72 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். மூச்சை வெகுநேரம் அடக்கிக்கொள்வதால் முகமூடியில் மயக்க வாயு கொடுத்துப் பயனில்லை, மூச்சுக்குழலுக்குள் குழாய்தான் செருக வேண்டும்.

இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவர்கள் குட்டிச் சீலோடு படம் எடுக்கிற வேலை என்று நினைத்து வராதீர்கள். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி நாற்றத்தில் நின்று பிணம் அறுப்பதில் போகிறது, நாங்கள் கற்றதில் பாதி அங்கேதான். 2002இல் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சி நடந்த சமயத்தில் அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. அறுத்துப் பார்த்தபோது உறுப்புகளில் வாயுக் குமிழிகளும் கொழுப்புத் துணுக்குகளும் இருந்தன. சந்தேகம், கப்பல்கள் ஒலி எழுப்பித் தண்ணீருக்கடியில் தேடுகிற சோனார் மேல் விழுந்தது, 2004இல் ஸ்பெயின் அந்தக் கடலில் அதை நிறுத்தியது. செத்த மிருகத்தைச் சீக்கிரம் புதைக்கச் சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். வெறுங்கையால் தொடாதீர்கள், புரூசெல்லா மாதிரி மனிதருக்கும் தொற்றுகிற கிருமிகள் உண்டு. ஆனால் புதைப்பதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள், முடிந்தால் அன்றைக்கே. ஒரு நாள் தாண்டினால் அழுகல் வாயு எது, நோயில் வந்த குமிழி எது என்று பிரித்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.