வட்டத்திலிருந்து வரிசைக்கு: ‘ரேங்க்’ என்னும் சொல்

தேர்வு முடிந்ததும் வீட்டில் கையெழுத்துக்காக நீட்டப்படும் ரேங்க் கார்டின் வழியே தமிழ்ப் பேச்சில் ஊறிவிட்ட ‘ரேங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும், யார் மேலே, யார் கீழே என்ற எண்ணமே முதலில் எழுகிறது. ஆனால் அந்த மேல் கீழ் என்ற பொருள் அச்சொல்லில் பின்னாளில் வந்து சேர்ந்ததே.

14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய இச்சொல், பழைய பிரெஞ்சு மொழியில் வரிசையைக் குறித்த ‘ரெங்க்’ என்பதிலிருந்து பெறப்பட்டது. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானியக் குடியினரான ஃபிராங்குகளின் மொழியிலிருந்து வந்தது என்றும், அதன் மூலம் வட்டத்தைச் சுட்டும் ‘ஹ்ரிங்’ என்றும் சொற்பிறப்பியலாளர் பலர் கருதுகின்றனர். ஃபிராங்கிய மொழிக்கு எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவாதலால், இது உறவுமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம். மோதிரத்தைக் குறிக்கும் ‘ரிங்’ பழைய ஆங்கிலத்தின் வழியாக வந்த அதே வேர்ச்சொல்தான். ‘ரேஞ்ச்’, ‘அரேஞ்ச்’ ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னது முதலில் படையை அணிவகுத்து நிறுத்துவதையே குறித்தது. கெட்ட நாற்றத்தைக் குறிக்கும் ‘ரேங்க்’ மட்டும் ஒலியால் ஒத்த வேறு சொல்.

படையில் தோளோடு தோள் சேர்ந்து பக்கவாட்டில் நிற்பவர்களின் வரிசை ‘ரேங்க்’. ஒருவர் பின் ஒருவராக நிற்பது ‘ஃபைல்’. சதுரங்கப் பலகையின் கிடைவரிசைகளுக்கும் நெடுவரிசைகளுக்கும் இன்றுவரை இப்பெயர்களே வழங்குகின்றன. ஆக, ஒரே ரேங்கில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சமமானவர்கள். எந்த வரிசையில் ஒருவர் நிற்கிறார் என்பதே அவருடைய மதிப்பைக் காட்டும் வழக்கம் படையிலும் அரசவையிலும் இருந்ததால், நிற்கும் இடத்தின் பெயர் நிற்பவரின் தகுதிக்கு ஆகிவந்தது. ஆகுபெயரை அறிந்த தமிழ் வாசகருக்கு இம்மாற்றம் புதிதன்று.

புள்ளியியலிலும் இச்சொல் வரிசையைத்தான் குறிக்கிறது. அளவுகளை நீக்கிவிட்டு அவற்றின் வரிசையிடங்களை மட்டும் கொண்டு இரண்டு பண்புகளின் தொடர்பை அளக்கும் முறையை ஆங்கிலேய உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904இல் முன்வைத்தார். இதில் ஓர் ஆதாயமும் ஓர் இழப்பும் உண்டு. எல்லாரையும்விட மிகவும் விலகி நிற்கும் ஓர் எண் முடிவைத் திரித்துவிடாது. ஆனால் இடைவெளிகள் மறைந்துவிடுகின்றன. 99, 98, 60 என மதிப்பெண் பெற்ற மூவர் 1, 2, 3 என்று நிறுத்தப்படும்போது, ஒரு மதிப்பெண் வேறுபாடும் 38 மதிப்பெண் வேறுபாடும் ஒன்றாகிவிடுகின்றன. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்தியது இக்காரணத்தாலும் சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

இருவர் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரே விடை இல்லை. விளையாட்டுப் போட்டிகளில் பெரும்பாலும் இருவருக்கும் 2ஆம் இடம் தந்து, அடுத்தவரை 4ஆம் இடத்தில் வைப்பார்கள். ஸ்பியர்மன் முறையிலோ 2, 3 ஆகிய இடங்களின் சராசரியாக இருவருக்கும் 2.5 வழங்கப்படுகிறது.