மீதியைத் தூக்கிப் புள்ளிக்குப் பின்னால் போடாதீர்கள்

போன வாரம் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி தன் டியூஷன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 17 ÷ 5 = 3.2 என்று குண்டுகுண்டாக எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். பிள்ளைகள் இப்படி எழுதுவது எனக்குப் புதிதில்லை, இருபது வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த டிக்கைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"ஈவு 3, மீதி 2. அப்போ 3.2 தானே மிஸ்?" என்றாள்.

ஈவும் சரி, மீதியும் சரி. புள்ளி வைத்த இடத்தில் கணக்கு கெட்டுவிட்டது. மீதி என்பது இன்னும் பங்கு போடாமல் கையில் நிற்பது. 17 ரூபாயை 5 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3 ரூபாய் போக 2 ரூபாய் நிற்கும். அந்த 2 ரூபாயையும் பிரித்தால் ஆளுக்கு 40 பைசா. ஆக 3.40. ஆளுக்கு 3.20 கொடுத்துவிட்டு எழுந்துவிட்டால் 16 ரூபாய்தான் போயிருக்கும். ஒரு ரூபாய் எங்கே?

புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒரு பங்குக்கு உரியது. அங்கே 2 எழுதினால் பத்தில் இரண்டு. நம் கையில் இருப்பதோ ஐந்தில் இரண்டு. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

"3, மீதி 2" என்று மட்டும் சொன்னால் அதன் மதிப்பு யாருக்கும் தெரியாது. எதால் வகுத்தோம் என்றும் சொல்ல வேண்டும். 14-ஐ 4-ஆல், 17-ஐ 5-ஆல், 23-ஐ 7-ஆல், 32-ஐ 10-ஆல் வகுத்துப் பாருங்கள். நான்கிலும் ஈவு 3, மீதி 2. தசமத்திலோ முறையே 3.5, 3.4, 3.2857…, 3.2. பத்தால் வகுக்கும்போது மட்டும்தான் மீதி அப்படியே புள்ளிக்குப் பின்னால் வந்து உட்காரும். நான் பார்த்தவரை, பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்வதும் அங்கேதான். பத்துக்குச் சொன்ன சுருக்குவழியை எல்லா எண்ணுக்கும் பிடித்துக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் நம் பேச்சிலேயே விடை இருக்கிறது. 25 இட்லியை 4 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டால், "ஆறேகால்" என்று பட்டென்று சொல்லும் பிள்ளை, நோட்டில் 6.1 என்று எழுதுகிறது. கால் என்பதும் 0.25 என்பதும் ஒன்றுதான் என்று யாரும் சேர்த்துக் காட்டவில்லை.

கால்குலேட்டர் வந்தபின் இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. 365 நாளில் எத்தனை வாரம், எத்தனை நாள் மீதி? 365 ÷ 7 என்று அடித்தால் 52.142857 என்று காட்டும். "52 வாரம், 14 நாள்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். 14 நாள் மிஞ்சினால் அதிலேயே இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே! மீதி ஒருநாளும் வகுக்கும் எண்ணை எட்டாது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் எடுத்து 7-ஆல் பெருக்குங்கள். 0.142857 × 7 = 0.999999. அதாவது ஒரு நாள்.

பெரியவர்களுக்கும் சொல்கிறேன். 30 அடி 10 அங்குலத்தை 30.10 என்று எழுதி 40 அடியால் பெருக்கினால் 1204 சதுர அடி வரும். அடிக்கு 12 அங்குலம். சரியான கணக்கு ஏறத்தாழ 1233. சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்தால்கூட 58,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கிரிக்கெட்டில் 9.4 ஓவர் என்பதும் அப்படித்தான். 9 ஓவரும் 4 பந்தும், மொத்தம் 58 பந்து. 58 ரன் எடுத்திருந்தால் ரன் ரேட் சரியாக 6. கால்குலேட்டரில் 58 ÷ 9.4 என்று அடித்தால் 6.17 வரும், அது தப்பு.

பெற்றோரே, விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை. ஆசிரியர்களே, தசமம் தொடங்கும் முன் ஒரு வாரமாவது மீதியை 3 2/5 என்று பின்னமாக எழுத வையுங்கள். புள்ளி வைத்துப் பூஜ்ஜியம் இறக்குவது அதற்குப் பிறகு தானாக வரும். திருத்துகிறவர்கள் தயவுசெய்து விடையைப் பார்க்காமல் டிக் போடாதீர்கள். பிள்ளை அந்தச் சிவப்பு மையை நம்புகிறது.

அந்தப் பெண்ணிடம் 3.2-ஐ 5-ஆல் பெருக்கச் சொன்னேன். 16 வந்ததும் இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு டிக்கைத் தொட்டுக் காட்டி, "அப்போ இதை அழிச்சிடட்டுமா மிஸ்?" என்று கேட்டாள்.